கல்வளைவின் வலிமை

மாத்தளை நகரிலிருந்து நாலந்தை வழியாகத் தம்புள்ளையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் பயணஞ் செய்வோர், தாம் எத்தனை பாலங்களையும் மதகுகளையும் கடந்து வந்தோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பாலம் என்பது நன்றாக இருக்கும்வரை கண்ணிற் படாத ஒரு பொருள். அது உடைந்த அன்றுதான் ஊரார் அதன் அருமையை உணர்கின்றனர். ஆற்றுக்கு அப்பால் வைத்தியசாலை, இப்பால் நோயாளி. அப்பால் பாடசாலை, இப்பால் பிள்ளைகள் என்ற நிலை ஒரே இரவில் தோன்றிவிடுகிறது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மலைநாட்டு மக்கள் இந்த உண்மையைக் கண்ணீருடன் கண்டனர்.

அந்த அழிவைச் செய்தது வெள்ளமும் மண்சரிவும் ஆகும். ஆயினும் பாலத்துக்குப் பகை நீர் மட்டுமன்று; நிலமும் சில வேளைகளிற் பகையாகும். பழைய கல்வளைவுப் பாலங்கள் நிலநடுக்கத்தை எவ்வாறு தாங்குகின்றன, எங்கே தளர்கின்றன, அவற்றின் பழைமை கெடாமல் வலுவூட்டுவது எங்ஙனம் என்பன இன்று உலகெங்கும் பொறியியல் அறிஞர்கள் ஆராய்ந்துவரும் வினாக்கள். மலையும் ஆறும் நீர்த்தேக்கமும் நிறைந்த மாத்தளை மாவட்டத்தில் வாழ்வோருக்கு இவ்வினாக்கள் அந்நியமானவை அல்ல.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இற் புகையிரதம் வந்து சேர்ந்தது. கண்டியிலிருந்து மாத்தளை வரை அப்பாதை 1880 இல் நீட்டப்பட்டது. தோட்டப் பயிர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் முதல் நோக்கம். இந்தப் பாதைகளையும் வீதிகளையும் அமைப்பதில் உழைத்தோருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தோர் அவர்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் வரலாறும் அவர்களுடைய வாழ்வோடு பிணைந்தது. மலைநாட்டின் பழைய வீதிகளின் கீழும் இருப்புப்பாதையின் கீழும் காணப்படும் கல்வளைவு மதகுகள் அந்தத் தலைமுறையின் கைவண்ணம். அவற்றுள் எதிலும் கட்டியவர் பெயர் பொறிக்கப்படவில்லை. கல் மட்டும் நிற்கிறது.

அக்கல் எவ்வாறு நிற்கிறது? இலங்கையின் பண்டைய கற்பாலங்களில் வளைவு கிடையாது. அநுராதபுரத்தில் மல்வத்து ஓயாவின் மேல் அமைந்த பழைய பாலத்தின் எச்சங்களை நோக்கினால், நட்ட கற்றூண்களின் மேல் நீண்ட கற்பலகைகளைக் கிடத்தும் முறையே கையாளப்பட்டது என்பது விளங்கும். கற்பலகைக்கு ஒரு குறை உண்டு. பாரம் ஏறும்போது பலகையின் மேற்புறம் அமுக்கப்படுகிறது, கீழ்ப்புறமோ இழுபடுகிறது. கல் அமுக்கத்தை மிக நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே பலகையின் நீளம் கூடக்கூட அது நடுவில் முறியும் ஆபத்தும் கூடுகிறது. அதனாலேயே அத்தகைய பாலங்களிற் றூண்கள் நெருங்கி நிற்கின்றன.

வளைவு இந்தக் குறையை நீக்கிய ஒரு பெருங் கண்டுபிடிப்பு. ஆப்புப் போன்று ஒரு புறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் செதுக்கப்பட்ட கற்களை, மரத்தாலான சாரத்தின் மேல் இரு கரைகளிலிருந்தும் அடுக்கிக்கொண்டு வந்து, உச்சியில் முடிக்கல்லை இறக்கிய பின்னர் சாரத்தை அகற்றிவிடுவர். ஒவ்வொரு கல்லும் கீழே விழ முயல்கிறது. அம்முயற்சியே அடுத்த கல்லை நெருக்குகிறது. விழ முயலும் கற்கள் ஒன்றையொன்று விழவிடாமற் பிடித்துக்கொள்வதே வளைவின் இரகசியம். இந்த நெருக்குதல் கல்லிலிருந்து கல்லுக்குக் கைமாறி, ஈற்றிற் கரைத் தாங்கிகளை வெளிப்புறமாக உதைக்கிறது. கரைத் தாங்கி அசையாதிருக்கும்வரை வளைவு அசையாது.

ஆங்கிலேய விஞ்ஞானியான றொபேட் ஹூக் என்பவர் 1675 ஆம் ஆண்டளவில் இதனை ஓர் எளிய உவமையால் விளக்கினார். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் இரு கைகளிற் பிடித்துத் தொங்கவிட்டால் அது அழகியதொரு வளைவாகத் தொய்கிறது. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இழுவையில் இருக்கிறது. அதே வடிவத்தைத் தலைகீழாக்கிக் கல்லாற் கட்டினால், ஒவ்வொரு கல்லும் அமுக்கத்தில் இருக்கும். அத்தலைகீழ்ச் சங்கிலியை ஓர் உதைப்புக் கோடாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அக்கோடு வளைவுக் கற்களின் தடிப்புக்குள்ளே அடங்கி ஓடுமாயின் பாலம் நிற்கும். கற்களின் ஓரத்தை அது தொடும் இடத்திற் கல்லிடுக்கு ஒரு புறமாகத் திறந்து, கதவின் கீல் போன்று அமைந்துவிடும். கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஜாக் ஹேமன் 1966 இல் இந்த எண்ணத்தைத் தெளிவான கணிதமாக வகுத்தார். மூன்று கீல்கள் தோன்றிய பின்னரும் வளைவு நிற்கக்கூடும். நான்காவது கீல் தோன்றும்போது அது மடிந்து விழுகிறது. ஆகவே கல்வளைவில் ஒரு வெடிப்பைக் கண்டதும் பாலம் விழப்போகிறது என்று அஞ்சவேண்டியதில்லை. வெடிப்பு எங்கே, எத்தனை, அது வளர்கிறதா என்பனவே கவனிக்கத்தக்கவை.

இவ்வளவும் நிலம் அசையாதிருக்கும் காலத்துக்கு உரியவை. நிலநடுக்கத்தின்போது நேர்வது யாது? ஓடிக்கொண்டிருக்கும் பஸ் வண்டி திடீரென நின்றால் உள்ளே நிற்பவர் முன்னோக்கிச் சாய்கிறார். அவரை எவரும் தள்ளவில்லை. அவருடைய உடலின் நிறையே அவரைத் தள்ளுகிறது. அவ்வாறே நிலம் பக்கவாட்டில் அசையும்போது பாலத்தின் நிறையே பாலத்தைத் தள்ளுகிறது. புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்கு வேகவளர்ச்சியுடன் நிலம் அசையுமாயின், 200 தொன் நிறையுள்ள ஒரு கற்பாலத்தின் மேல் 20 தொன் அளவிற் பக்கவாட்டு விசை தோன்றும். அவ்விசை ஒரு கணம் இப்புறமும் மறுகணம் அப்புறமும் மாறிமாறித் தாக்கும். பாலத்தின் பாரம் அதன் நிலைபேற்றுக்குக் காரணம் என்று மேலே கண்டோம். நிலநடுக்கத்தில் அப்பாரமே அதற்கு எதிரியாகிறது.

இத்தாக்குதல் மூன்று வகையாகப் பாலத்தைத் தளர்த்துகிறது. முதலாவது, பாலத்தின் நீளப் போக்கில் அசைவு நேரும்போது உதைப்புக் கோடு ஒரு புறமாகச் சாய்ந்து, வளைவிற் கீல்கள் தோன்றுகின்றன. இரண்டாவது, குறுக்குப் போக்கில் அசைவு நேரும்போது, வளைவின் மேல் இரு பக்கமும் எழுப்பப்பட்ட சுவர்கள் வெளிப்புறமாகத் தள்ளப்படுகின்றன. இச்சுவர்களுக்கு இடையே மண்ணும் கல்லும் இட்டு நிரப்பி அதன் மேலேயே வீதி அமைக்கப்பட்டிருக்கும். அந்த நிரப்பு மண் குலுங்கும்போது நீர் நிறைந்த சாக்குப் போலச் சுவரை நெரிக்கிறது. பழைய பாலங்களில் முதலிற் பெயர்ந்து விழுவன பெரும்பாலும் இப்பக்கச் சுவர்களே. மூன்றாவது, உயர்ந்து மெலிந்த தூண்களையுடைய பல வளைவுப் பாலங்களில் தூணின் அடி வெடிக்கிறது. ஒரு தூண் சாய்ந்தால் அதன் இரு புறத்து வளைவுகளும் பிடியிழந்து, ஒன்றன்பின் ஒன்றாக விழக்கூடும்.

இலங்கையில் இத்தகைய கவலை வேண்டுமா என்று சிலர் வினவலாம். இத்தீவு புவித்தட்டுகளின் எல்லைகளிலிருந்து நெடுந்தூரத்தில் இருப்பது உண்மை. இமயமலைச் சாரலில் உள்ளோருக்கும் சுமாத்திராவில் உள்ளோருக்கும் உள்ள அளவு ஆபத்து இங்கே இல்லை. ஆயினும் ஆபத்தே இல்லை என்று கூறுவதற்கு இடமில்லை. 1615 ஆம் ஆண்டு ஏப்ரில் 14 ஆந் திகதி கொழும்பிற் பெரும் நிலநடுக்கம் ஒன்று நேர்ந்ததாகப் போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்பு கூறுகிறது. அண்மைக் காலத்தில், 2020 ஆகத்து இறுதியிலும் அதற்கடுத்த மாதங்களிலும் கண்டி மாவட்டத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகனைப் பகுதியிற் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. அவை பெருஞ் சேதம் விளைவிக்கவில்லை. ஆனாற் சுவர்களோடு சேர்த்து மக்கள் மனத்தையும் அசைத்தன. மாத்தளைக்கு அண்மையிலுள்ள பல்லேகலையில் 2000 ஆம் ஆண்டு தொடக்கம் நில அதிர்வுப் பதிவு நிலையம் ஒன்று இயங்கிவருகிறது. அது உலகளாவிய அதிர்வுப் பதிவு வலையமைப்பின் ஓர் அங்கமாகும்.

அதிர்வு குறைந்த நிலம் என்று நம்பியிருப்பதன் விலை எத்தகையது என்பதை இந்தியாவின் தக்கணப் பீடபூமி காட்டியது. அதுவும் புவித்தட்டின் நடுவே அமைந்த பழம்பாறை நிலமே. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் மகாராட்டிரத்தின் கொய்னா அணையை அண்டி 6க்கு மேற்பட்ட அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். 103 மீற்றர் உயரமான அணை உடையவில்லை. ஆனால் அதன் மேற்பகுதியில் வெடிப்புகள் தோன்றின. 1993 செப்டெம்பர் 30 அதிகாலையில் அதே மாநிலத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் நேர்ந்த நிலநடுக்கம் 10,000 பேரளவில் உயிர் குடித்தது. அங்கே மக்களைக் கொன்றவை அவர்கள் தஞ்சமென்று நம்பிய தடித்த கற்சுவர்களே. மண்சாந்தில் உருட்டுக் கற்களை அடுக்கி, உட்புற முகம் ஒன்றும் வெளிப்புற முகம் ஒன்றுமாக எழுப்பப்பட்ட அச்சுவர்களில், இரு முகங்களையும் ஊடுருவிப் பிணைக்கும் நீண்ட கற்கள் இல்லை. அதிர்வு வந்ததும் ஒரு சுவர் இரு சுவராகப் பிளந்து, வெளிமுகம் வெளியேயும் உள்முகம் உறங்கியோர் மேலும் சரிந்தன.

இப்பாடம் பாலத்துக்கும் பொருந்தும். பழைய பாலத்தின் தூணை வெளியிலிருந்து பார்த்தால் செதுக்கிய கருங்கல் மட்டுமே தெரியும். உள்ளேயோ உடைகல்லும் சாந்தும் கலந்த நிரப்பு இருக்கக்கூடும். நூறாண்டு மழைநீர் அச்சாந்தைக் கரைத்துவிட்டிருந்தால், வெளித்தோற்றம் கம்பீரமாகவும் உள்ளீடு வெறுமையாகவும் இருக்கும். ஆகவே வலுவூட்டலின் முதற்படி கட்டுவதன்று, காண்பது. பாலத்தின் ஒவ்வொரு வளைவையும் அளந்து வரைபடம் ஆக்குதல், கற்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஒலியால் வெறுமை அறிதல், சிறு துளையிட்டு உள்ளீட்டை எடுத்துப் பார்த்தல், வெடிப்பின் குறுக்கே அளவுகோல் பதித்து மாதந்தோறும் குறித்தல் ஆகியவை பழைய முறைகள். லேசர் ஒளியால் வடிவை அளத்தலும், மின்காந்த அலையைச் செலுத்தி உள்ளே நோக்குதலும், வண்டிகள் செல்லும்போது பாலம் அதிரும் விதத்தைக் கருவியாற் பதிவு செய்தலும் இக்காலத்து முறைகள். நல்ல வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை அன்றோ?

இனி மருந்துகளை நோக்கலாம். அவற்றுள் எளியதும் முதன்மையானதும் சாந்து புதுப்பித்தல் ஆகும். கரைந்துபோன இடுக்குகளைச் சுத்தஞ் செய்து மீண்டும் சாந்து நிரப்பினால், கற்கள் முழு முகத்தாலும் ஒன்றையொன்று தாங்கும். இவ்விடத்தில் நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்தோர் பலர். பழைய சுண்ணாம்புக் கட்டில் வன்மையான சீமெந்தைப் பூசுவது பெரும்பாலும் கேடு விளைவிக்கிறது. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. சிறு அசைவுக்கு இணங்கிக் கொடுக்கும். ஈரத்தை வெளியே செல்லவிடும். மயிரிழை போன்ற வெடிப்புகளை, தன்னில் ஊறும் நீராற் கரைந்து மீண்டும் படிந்து தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. சீமெந்தோ இணங்காது. அசைவு வரும்போது சாந்து வெடிப்பதற்குப் பதிலாகக் கல் வெடிக்கும். ஈரம் உள்ளே சிறைப்படும். மாத்தளையைச் சூழ்ந்த பகுதிகளிற் சுண்ணக்கல்லும் தொலமைற்றும் கிடைக்கின்றன. சூளையிற் சுண்ணாம்பு சுடும் தொழிலும் அங்கே நெடுங்காலமாக நடந்துவந்துள்ளது. பழங்கட்டடங்களைப் பேணுவோருக்கு அத்தொழிலறிவு ஒரு செல்வம்.

இரண்டாவது மருந்து ஊட்டுதல். தூணிலும் வளைவிலும் சிறு துளைகளிட்டு, நீர்த்த சுண்ணாம்புக் குழம்பைக் குறைந்த அழுத்தத்தில் உட்செலுத்தினால் அது உள்ளேயுள்ள வெறுமைகளை நிரப்பி, சிதறிக் கிடக்கும் உள்ளீட்டை ஓருடலாக்குகிறது. அழுத்தம் மிகுந்தாற் கற்களே வெளித்தள்ளப்படும். ஆதலால் கீழிருந்து மேலாகப் பொறுமையுடன் செய்யவேண்டிய பணி இது.

மூன்றாவது மருந்து பிணைத்தல். பக்கச் சுவர்கள் வெளியே சரியாதிருக்க, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை துளைத்துத் துருப்பிடியாத உருக்குக் கம்பிகளைச் செலுத்தி, இரு முனைகளிலும் தகடுகளால் இறுக்குவர். பழைய வீடுகளின் சுவர்களில் வட்டமான இரும்புத் தகடுகளைக் கண்டவர்கள் இம்முறையை எளிதிற் புரிந்துகொள்வர். கில்லாரியின் சுவர்களுக்கு இல்லாதுபோன ஊடுருவற் கற்களின் வேலையை இக்கம்பிகள் செய்கின்றன. வளைவின் உள்ளேயே நீளப் போக்கிற் கம்பிகளைப் புதைத்துக் கீல்கள் தோன்றாமற் காக்கும் முறையும் உண்டு.

நான்காவது மருந்து வளைவின் முதுகைத் தாங்குதல். வீதியைத் தோண்டி நிரப்பு மண்ணை அகற்றி, வளைவின் மேற்புறத்திற் சேணம் போல மெல்லிய கொங்கிறீற்றுத் தகடு ஒன்றை அமைத்து, அதன் மேல் மீண்டும் நிரப்பி வீதியை இடுவர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. நிரப்பும் பொருளைப் பாரங் குறைந்ததாகவும் பிணைப்புள்ளதாகவும் மாற்றினால் இரட்டைப் பயன் உண்டு. பாரம் குறைந்தால் நிலநடுக்க விசையும் குறையும் அல்லவா? சீனத்தில் 605 ஆம் ஆண்டளவில் லீ சுன் என்பவர் கட்டிமுடித்த ஆன்ஜி பாலம் இதற்குச் சிறந்த சான்று. 37 மீற்றர் அகலத்தை ஒரே வளைவாற் கடக்கும் அப்பாலத்தின் பக்கங்களில் அவர் சிறு வளைவுகளைத் திறந்துவிட்டார். கல்லும் பாரமும் குறைந்தன. வெள்ளம் வந்தால் நீர் செல்லவும் வழி கிடைத்தது. பல வெள்ளங்களையும் நிலநடுக்கங்களையும் கண்ட அப்பாலம், 1950களில் விரிவாகத் திருத்தப்பட்டு, இன்றும் நிற்கிறது.

ஐந்தாவது, தூணுக்கும் அத்திவாரத்துக்கும் உரிய மருந்து. தூணைச் சுற்றிக் கவசம் போலக் கொங்கிறீற்று இடுதல், அடிநிலத்தில் மெல்லிய தூண்களை இறக்கிப் பாறையைப் பற்றச் செய்தல், ஆற்றுநீர் அரிக்காதவாறு அடியிற் கற்பாவுதல் என்பன அதில் அடங்கும். தமிழகத்தின் செங்கோட்டையையும் கேரளத்தின் கொல்லத்தையும் இணைக்கும் மலைப் புகையிரதப் பாதையில், தென்மலைக்கு அருகே பதின்மூன்று கண்ணறைப் பாலம் என வழங்கும் பதின்மூன்று வளைவுக் கற்பாலம் ஒன்று உண்டு. 1904 இல் அப்பாதை திறக்கப்பட்ட காலத்தது அது. மீற்றர் பாதையை அகலப் பாதையாக மாற்றியபோது அதனை இடித்துத் தள்ளாமல் வலுவூட்டினர். 2018 இல் அகலப் பாதை வண்டிகள் அதன் மேல் ஓடத் தொடங்கின.

இவற்றின் வல்லமையைப் பெரிய அளவிற் காண விரும்புவோர் முல்லைப் பெரியாற்று அணையை நோக்கலாம். பென்னிகுவிக் கட்டிய அந்த அணை, கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிச் சாந்தும் கொண்டு 1895 இல் முடிவுற்றது. 1979 இன் பின்னர் அதனை வலுவூட்டியபோது மூன்று வழிகளைக் கையாண்டனர். அணையின் தலையிற் கொங்கிறீற்றுத் தொப்பி சூட்டிப் பாரங் கூட்டினர். தலையிலிருந்து அடிப்பாறை வரை துளைத்து உருக்கு வடங்களை இறக்கி இழுத்துப் பிணித்தனர். பின்புறத்தில் முட்டுக் கொடுத்தாற் போலக் கொங்கிறீற்றை அணைத்துக் கட்டினர். கொய்னா அணைக்கும் நிலநடுக்கத்தின் பின்னர் வடப் பிணைப்பும் பின்புற முட்டுச் சுவர்களும் அளிக்கப்பட்டன. பழைய கட்டு தன் பாரத்தால் நிற்பது. வடம் அப்பாரத்துக்குத் துணைவலி சேர்க்கிறது.

பழைய கல்லைக் காட்டிலும் புதிய இரும்பே மேல் என்று எண்ணுவோர் உளர். 2025 மார்ச்சு 28 அன்று மியன்மாரில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில், ஐராவதி ஆற்றின் மேல் 1934 இற் கட்டப்பட்ட அவா இரும்புப் பாலம் சரிந்து விழுந்தது. பொருள் எதுவாயினும் ஆராய்ச்சியும் பராமரிப்புமே உறுதி தருவன. இலங்கையில், தெமோதரைக்கும் எல்லைக்கும் இடையே 1921 இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலம் உருக்குச் சட்டகம் இன்றி வளைவின் வலிமையாலேயே நூறாண்டு கடந்து வண்டிகளைத் தாங்குகிறது. அதே வளைவைப் படுக்கையாகக் கிடத்தி, நீரின் உதைப்பை இரு மலைகளுக்கும் பகிர்ந்தளிப்பதே 1985 இல் திறந்துவைக்கப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை.

மாத்தளை மாவட்டத்தில் இவ்வாராய்ச்சிக்கு உகந்த வேறொரு சான்றும் உண்டு. அது பாலமன்று, ஆலயம். நாலந்தையில் உள்ள கெடிகே என்னும் கற்கட்டடம், பல்லவர் காலத்துக் கோவிற் சிற்பக் கலையின் சாயலோடு அமைந்த பௌத்த வழிபாட்டிடம். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ்ப் பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தால் உக்குவெலைக்கு வந்து, சுது கங்கை வழியே அம்பன் கங்கையை அடைந்து, 1976 இல் அமைந்த போவதென்ன நீர்த்தேக்கத்தில் நிறைகிறது. அந்நீர்த்தேக்கம் நிறைந்தாற் கெடிகே மூழ்கிவிடும் என்ற நிலை தோன்றியது. ஆகவே 1975 இல் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, நீர்மட்டத்துக்கு மேலாக உயர்த்தப்பட்ட நிலத்தில் மீண்டும் அடுக்கினர். இன்று நீரருகே அது அமைதியாக நிற்பதைக் காண்போர், அது ஒருமுறை முற்றாகக் கலைந்து மீண்டும் பிறந்தது என்பதை எளிதில் நம்பார்.

இச்செய்தியில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. கல்லின் மேற் கல்லை வைத்துக் கட்டிய கட்டடத்தைப் பிரித்து மீண்டும் அமைக்க இயலும். ஒட்டி உருக்கிய கட்டடத்தை அவ்வாறு செய்ய இயலாது. பழைமையைப் பேணும் அறிஞர்கள் இதனை ஒரு நெறியாகவே வகுத்துள்ளனர். 1964 இல் வெனிசு நகரில் வகுக்கப்பட்ட சாசனமும், அதன் வழிவந்த பிற்கால நெறிகளும் வற்புறுத்துவன இவையே: தேவைக்கு மேல் எதனையும் செய்யற்க, பழைய பொருளுக்கு இணங்காத பொருளைச் சேர்க்கற்க, இன்று செய்வதை, நாளை அதனிலும் நல்ல வழி தோன்றினால் நீக்கக் கூடியதாகச் செய்க, செய்தவற்றை எழுதி வைக்க. மேலே கூறிய மருந்துகளை இந்நெறியால் நிறுத்துப் பார்த்தால் அவற்றின் தரம் புலப்படும். பிணைக்கம்பியைக் கழற்றலாம், சேணத் தகட்டை அகற்றலாம், உள்ளே செலுத்திய குழம்பைத் திருப்பி எடுக்க இயலாது. ஆகவே திரும்பப் பெற முடியாத மருந்தை மிகுந்த சிந்தனையின் பின்னரே கொடுத்தல் வேண்டும்.

இங்கே உண்மையான ஒரு வழக்கு எழுகிறது. உயிர் பெரிதா, பழைமை பெரிதா? பாலத்தின் மேல் நாள்தோறும் நூறு பிள்ளைகள் நடந்து செல்லும்போது பழைமையின் பெயரால் அவர்களை ஆபத்துக்கு உட்படுத்தலாமா என்று ஒருவர் கேட்பாராயின், அவர் கேள்வி நியாயமானதே. உயிரே பெரிது. ஆயினும் இடித்துவிட்டுப் புதிது கட்டுதல் ஒன்றே உயிர் காக்கும் வழி என்பது பிழையான முடிவு. அளந்து, ஆராய்ந்து, குறைந்த செலவில் வலுவூட்டி, பாரமான லொறிகளை மாற்று வழியில் அனுப்பினால் பாலமும் பிழைக்கும், பிள்ளைகளும் பிழைப்பர். அவ்வாராய்ச்சி, இப்பாலம் இனி ஆகாது என்று காட்டுமாயின், தயங்காமற் புதியதைக் கட்டிப் பழையதை நடைபாதையாக விடலாம். ஆராயாமல் இடிப்பதும், ஆராயாமல் நம்பியிருப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

நிலநடுக்கத்துக்காகச் செய்யும் இப்பணி, நிலநடுக்கமே வராவிட்டாலும் வீணாவதில்லை. இலங்கையின் மலைநாட்டில் வளைவுப் பாலத்தின் நாளாந்தப் பகை வெள்ளமே. நிரப்பு மண்ணில் நீர் தேங்காது வெளியேறத் துவாரங்களைத் திறந்து வைத்தால், அதிர்விலும் மண் சுவரை நெரிக்காது, மழையிலும் நெரிக்காது. தூணின் அடியைக் கற்பாவிக் காத்தால், அதிர்விலும் அது நிலைக்கும், வெள்ளத்திலும் நிலைக்கும். ஒரே மருந்து இரு நோய்க்கும் ஆகிறது.

பொறியியலாளர் வரும்வரை ஊரார் செய்யக்கூடியவையும் சில உண்டு. பாலத்தின் இடுக்கிற் பறவை இட்ட விதையிலிருந்து முளைக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் பார்வைக்கு அழகானவை. ஆனால் விரலளவு வேர் சில ஆண்டுகளிற் கையளவாகிக் கல்லைப் பெயர்த்துவிடும். அதனைக் கன்றாக இருக்கும்போதே அகற்றுதல் ஒரு சிறுவனும் செய்யக்கூடிய தொண்டு. நீர் வடியும் துவாரங்களிற் குப்பையும் இலையும் அடையாமற் காத்தல், ஆற்றில் மணல் அள்ளுவோர் தூணின் அடியைத் தோண்டாமற் பார்த்தல், புதிய வெடிப்போ பக்கச் சுவரிற் புடைப்போ தென்பட்டால் உரிய அலுவலகத்துக்கு உடனே எழுதுதல் என்பனவும் அத்தகையனவே. உயர்தர வகுப்பு மாணவர் தம் ஊர்ப் பாலத்தை அளந்து படம் வரைந்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாயின், அது பூகோளமும் கணிதமும் வரலாறும் ஒருங்கே பயிலும் பாடமாகும்.

புதிய பாலத்தைத் திறப்பதற்கு மாலையும் மேளமும் உண்டு. பழைய பாலத்தின் இடுக்கிற் சுண்ணாம்பு நிரப்புவோருக்கு அவை கிடைப்பதில்லை. ஆனால் இரவின் மழையில், ஆறு பெருகி ஓடும் வேளையில், பிரசவ வேதனையுறும் தாயை ஏற்றிய வண்டி மாத்தளை வைத்தியசாலையை நோக்கி விரையும்போது, அதனைத் தாங்குவது அப்பணியே. கால்நடையாக வந்து கல் அடுக்கிய பெயரில்லாத முன்னோர் தம் பங்கைச் செய்துவிட்டனர். அக்கற்கள் ஒன்றையொன்று விழவிடாமற் பிடித்து நிற்கின்றன. அவற்றைப் பிடித்து நிற்கவேண்டிய கைகள் இத்தலைமுறையினுடையவை.